பராமுகம்: சொல்லும் பொருளும்

பராமுகம் அக்கறையின்மையைக் குறிக்கும் சொல். வடமொழியின் ‘பராங்முக’ என்பதே மூலம். முகத்தை அப்பால் திருப்பிக்கொண்ட என்பது நேர்ப்பொருள். எங்கள் செல்லூர்த் தறிக்கூடங்களில் ‘ஏனோதானோ’ என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஏனோதானோவென்று இருப்பவர் மனம் ஒட்டாமலாவது வேலையைச் செய்கிறார். பராமுகமாக இருப்பவரோ கேட்டும் கேளாதவராக இருந்துவிடுகிறார். ‘எத்தனை கடிதம் போட்டும் பராமுகமாக இருக்கிறார்’ என்பது சரியான வழக்கு.

பேச்சில் இச்சொல் அருகிவிட்டது. பயான்களிலும் குர்ஆன் தமிழாக்கங்களிலும் இன்னும் புழங்குகிறது. அல்மாஊன் அத்தியாயத்தின் 5ஆம் வசனத்தில் வரும் ‘ஸாஹூன்’ என்பதற்கு ஜான் டிரஸ்ட் தமிழாக்கம் இதையே இட்டிருக்கிறது. ரக்அத் எண்ணிக்கையை மறந்துவிடுகிற பலர், அந்த எச்சரிக்கை தமக்குத்தானோ என்று கலங்குவதுண்டு. தமிழில் ‘தொழுகையில்’ என்று படிப்பதால் வரும் குழப்பம் இது. அரபியில் உள்ள இடைச்சொல் ‘ஃபீ’ (உள்ளே) அல்ல, ‘அன்’ (விட்டு) என்பதைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். தொழுகைக்குள் நேரும் மறதிக்கு ஸஜ்தா ஸஹ்வு இருக்கிறது. பராமுகம் என்பது, நேரம் போவது தெரிந்தும் தொழாமலே இருந்துவிடுவது.