ஒரே சர்வரில் பல கணினிகள்... எங்கே உஷாரா இருக்கணும்?

தஞ்சாவூரில் 2024-ல் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அங்குள்ளதுபோன்ற சிறு நிறுவனங்களுக்குச் செலவைக் குறைக்கும் ஒரு வழி, சர்வர் விர்ச்சுவலைசேஷன்.

அது என்ன?
கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு எனப் பிரிவதுபோல, ஒரே சர்வரை 'ஹைப்பர்வைசர்' மென்பொருள் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கும்.

என்ன ஆபத்து?
தலைமடையில் கை வச்சா, கடைமடை வரை பாதிப்புதான். 2023 பிப்ரவரியில் 'ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ்' ரான்சம்வேர், விஎம்வேர் ஹைப்பர்வைசர் இயங்கிய ஆயிரக்கணக்கான சர்வர்களை உலகம் முழுக்கத் தாக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2021 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. போடாமல் விட்டவர்களே பெரும்பாலும் சிக்கினார்கள்.

என்ன செய்யணும்?
• அப்டேட்டைத் தள்ளிப்போடாதீங்க.
• நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காதீங்க.
• ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. பேக்கப்பை வேறு இடத்தில் வைங்க. திரும்ப எடுக்க முடியுதான்னும் அவ்வப்போது சோதிங்க.