நந்திமலைக் கோட்டை: கல்லும் நீரும் சொல்லும் வரலாறு

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் நந்திமலை ஏறாத குடும்பம் அரிது. விடியற்காலையில் சென்று, பனிமூட்டத்தினூடே கதிரவன் எழும் காட்சியைக் கண்டு, கட்டுச்சோறுண்டு மீள்கின்றோம். ஆயின், நாம் நுழைந்து செல்லும் கோட்டை வாயிலை ஏறிட்டு நோக்குவோர் நம்மில் எத்துணைப் பேர்?

நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், 1,478 மீட்டர் உயரத்தில் நிற்பது இம்மலை. மேலைக் கங்க மன்னர் தம்மை ‘நந்தகிரி நாதர்’ என அழைத்துக்கொண்டனர். மலையை உடையவனே நாட்டை உடையவன் எனக் கருதப்பட்ட காலம் அது. அடிவாரத்திலுள்ள போக நந்தீசுவரர் கோயில் 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிறந்திருந்தது. பின்னர்ச் சோழர் வந்தனர். கோலார் வட்டாரம் ‘நிகரிலிச் சோழ மண்டலம்’ எனப் பெயர் பெற்றது. அவர்களுக்குப்பின் போசளரும் விசயநகரத்தாரும் தத்தம் திருப்பணிகளைச் சேர்த்தனர். ஒருவர் எழுப்பியதை மற்றவர் இடிக்காமல் வளர்த்தமையே அக்கோயிலின் பெருமை. அங்குள்ள அருணாசலேசுவரர் சந்நிதியின் பெயரைக் கேட்கும்போது நம் நெஞ்சம் திருவண்ணாமலையை நினையாதிருக்குமோ?

கோட்டையின் கதை வேறு. ஐதர் அலியும் திப்பு சுல்தானும் மதில்களை வலுப்படுத்தினர். செங்குத்தான பாறையே பெரும்பகுதிக்கு அரணாயிற்று. ஏறக்கூடிய பக்கத்தை மதில்கள் காத்தன. ஆயினும் 1791ஆம் ஆண்டு அக்டோபரில், மூன்று வார முற்றுகைக்குப்பின், கார்ன்வாலிசின் படை பீரங்கிகளால் மதிலைப் பிளந்து, 19ஆம் நாள் கோட்டையைக் கைப்பற்றியது. அப்போரில் கார்ன்வாலிசு நடத்திய சேனையில் சென்னை மாகாணத்துச் சிப்பாய்களும் இருந்தனர். சோழர் பெயரால் பெருமிதம் கொள்ளும் நாம் இதனையும் மறைத்தலாகாது. நம்மவர் இம்மண்ணுக்குக் கோயிற் பணி செய்தோராகவும் வந்துள்ளனர். அயலார்தம் கூலிப்படையாகவும் வந்துள்ளனர்.

நாம் எவ்வாறு வந்தோம் என்பதே நம் பிள்ளைகள் கேட்கும் வினா. அதற்கு இம்மலையிலேயே விடை உண்டு. தென்பெண்ணையும் பாலாறும் நந்திமலையைச் சூழ்ந்த மேட்டு நிலத்தில் பிறந்து, தமிழகத்து வயல்களை நாடி ஓடுகின்றன. நீர் கிழக்கே இறங்கியது. நாம் பிழைப்பு நாடி மேற்கே ஏறினோம். நம் பாட்டனார் உழுத நிலத்தின் ஆற்றுத் தலைமாட்டில் குடியிருப்போர், இதனை வேற்றூர் என்று எண்ணலாகுமா? தமக்கே உரியது என்று வழக்காடலும் தகுமா?

அடுத்த முறை செல்லும்போது மதிலருகே சிறிது நேரம் நிற்போம். பாறையிலும் சுவரிலும் பெயர் கீறுவோரைக் காணின், அன்புடன் தடுப்போம். அடிவாரக் கோயிலின் கல்லெழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். அவற்றைப் படிக்கத் தமிழோடு கன்னடமும் வேண்டும் என்பதையும் சொல்லிவைப்போம். ஆண்ட மரபுகள் எல்லாம் மறைந்தன. பேணிக் காத்தோரின் கைத்திறனே கல்லில் நிலைத்தது. அவ்வரிசையில் நாமும் நிற்போமாக.