முடிந்த காப்பியமும் முடியாத கடனும்

ஒரு காப்பியம் நிறைவெய்திய பின், அதன் மாந்தரை மீண்டும் எழுப்பி வந்து இயல் இயலாகப் புதுக்கதை சொல்வது தகுமா? ஓசூர் வட்டாரத்தில் தமிழ் பயிற்றும் நம்மிடம் இவ்வினா இரு திசைகளிலிருந்து வருகிறது. ஒன்று பாடநூலின் வழியே வருவது: கம்பர் முடிசூட்டு விழாவோடு நிறுத்திய பின் உத்தர காண்டம் எதற்கு? மற்றொன்று மாணவர் ஆடும் வீடியோ விளையாட்டின் வழியே வருவது. இரண்டும் ஒரே வினா என்பது நம் துணிபு.

சப்பானிய நிறுவனமான ஸ்கொயர் 1991இல் வெளியிட்ட 'ஃபைனல் ஃபேன்டசி' வரிசையின் நான்காம் விளையாட்டு, ஆடுவோரே கதைமாந்தராகி நடத்திச் செல்லும் வகையில் செவ்வியல் ஆக்கமாக மதிக்கப்படுவது. தன் அரசனின் தீச்செயலுக்குத் துணைபோன செசில் என்னும் வீரன், குற்றம் உணர்ந்து இருளினின்று மீள்வதே அதன் கதை. 17 ஆண்டுகள் கழித்து, 2008இல், கதைக்குள்ளும் 17 ஆண்டுகள் கழிந்ததாக வைத்து ஒரு தொடர்ச்சி வந்தது. முதலில் சப்பானியக் கைப்பேசிகளில் இயல் இயலாக வெளியாயிற்று. 2009இல் வீ கருவிக்கு வந்தபோது, முதற்பகுதிக்குப் பின்வரும் இயல்களைத் தனித்தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. நாயகன் செசிலின் மகன். ஊர்களும் குகைகளும் பெரும்பாலும் பழையவை. படிகக் கற்கள் மறுபடியும் களவு போகின்றன. பழஞ்சோற்றுக்குப் புதுத்தாளிப்பு என்று குறைகூறியவர் பலர்.

இக்குறையில் பாதியை முதலில் விலக்கிவிடலாம். துண்டு துண்டாகச் சொல்வது கதைக்கு இழுக்கன்று. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தைக் கண்டவர் இதனை அறிவர். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. ஓரிரவு வில் வளைப்பு, ஓரிரவு துகிலுரிதல், ஓரிரவு அருச்சுனன் தவசு, ஓரிரவு கர்ண மோட்சம் எனக் கதை நாள்தோறும் வளரும். இறுதியில், மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நிகழும். பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிப்பாள். சபதம் நிறைவேறிற்று, தீமிதியோடு ஊர் கலைந்துவிடும். பாண்டவர் பின்னர் எத்தனை ஆண்டு ஆண்டனர், எவ்வாறு இறந்தனர் என்று கேட்க எவரும் மறுநாள் இரவு பாய் விரித்துக் காத்திருப்பதில்லை. கதை தான் பட்ட கடனைத் தீர்த்த இடத்தில் முடிகிறது.

பாவலரும் இதனை உணர்ந்திருந்தனர். வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பத்துப் பருவங்களில் போரின் முடிவோடு நிறுத்தினார். நம் எல்லைக்கு அப்பால் கன்னடத்தில் குமாரவியாசரும் பத்துப் பருவங்களோடு நிறுத்தினார். பிற்காலத்தார்க்கு இது குறையாகத் தோன்றியது. கிருஷ்ணதேவராயர் அவைக்களத்துத் திம்மண்ண கவி கன்னடத்தின் எஞ்சிய எட்டுப் பருவங்களைப் பாடினார். தமிழில் நல்லாப்பிள்ளை பதினெட்டுப் பருவங்களையும் நிரப்பினார். இருவர் உழைப்பும் பெரிது. ஆயினும் இன்றும் கன்னடக் கமகக் கலைஞர் விரும்பிப் பாடுவது குமாரவியாசரையே. நம் வகுப்பறைகளில் ஒலிப்பதும் வில்லியின் விருத்தங்களே. விடுபட்டதை நிரப்பினான் என்பதற்காக உலகம் ஒரு கவியை மதிக்கும். ஆனால் அம்மதிப்பு காதலாகக் கனிவதில்லை.

மாறாக, இலக்குமீசன் பாடிய கன்னட 'சைமினி பாரத'த்தைக் காண்க. அதுவும் போருக்குப் பிந்திய கதையே. தருமன் வேட்ட அசுவமேதக் குதிரையின் பின்னே செல்வது. எனினும் கருநாடக ஊர்களில் அது தலைமுறை தலைமுறையாக விரும்பிக் கேட்கப்பட்டது. குதிரை செல்லும் வழியெங்கும் சுதன்வன், சந்திரகாசன், தந்தையையே எதிர்த்து நிற்கும் பப்புருவாகனன் எனப் புதியோர் எதிர்ப்படுகின்றனர். அதனினும் மேலாக, பாரதத் தொடர்ச்சியாகிய அந்நூல் காட்டில் விடப்பட்ட சீதையின் கதையையும் தன்னுள் கொண்டுள்ளது. போரில் வென்றோரின் புகழைச் சொல்லும் நூல், வெற்றிக்குப் பின் கைவிடப்பட்ட ஒருத்தியை ஏன் நினைக்க வேண்டும்? தீராத கடன் அங்கிருந்தது என்பதே விடை.

இக்கடனை நேர்நின்று எதிர்கொண்டவர் ஒருவர் நம் மண்ணிலேயே பிறந்தார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராஜாஜி, 1954இல் முதலமைச்சர் பதவியினின்று விலகிய பின், அவ்வாண்டே 'கல்கி' வார இதழில் இராமன் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். அதுவே 'சக்கரவர்த்தித் திருமகன்'. 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாரந்தோறும் வாசகர் காத்திருந்து படித்த அத்தொடர், கம்பர் வழியில் முடிசூட்டோடு நின்றது. தமிழில் ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கும் உத்தர காண்டம் உண்டு. தெலுங்கில் திக்கனர் அக்கதையைத் தனிக் காவியமாகவே பாடினார். இவை இருந்தும் இராஜாஜி மறுத்தார். காரணத்தையும் முடிவுரையில் மறைக்கவில்லை: சீதையைக் காட்டுக்கு அனுப்பிய கதை நம் பெண்களின் துயரத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும் என்றார், அதில் அழகு உண்டென ஏற்றும், தம் உள்ளம் அதற்கு இணங்கவில்லை என்றார்.

இம்மறுப்பு வணங்கத்தக்கது. தான் நேசித்த நாயகனை அந்நிலையில் காண ஒரு வாசகன் மனம் ஒப்பாமை இயல்பே. ஆயினும் அவர் கூற்றிலேயே அவர்க்கு மறுமொழியும் உள்ளது. பெண்களின் துயரம் ஒரு காண்டத்தையே பிறப்பித்ததெனில், முதல் ஆறு காண்டங்கள் அத்துயரை ஆற்றவில்லை என்றே பொருள். தீக்குளித்து மெய்ப்பித்தவளுக்கு அதற்குமேல் என்ன நேர்ந்தது என்னும் கேள்வி, முடிசூட்டு முழக்கத்தில் அமுங்கவில்லை. 1963இல் தெலுங்கிலும் தமிழிலும் வெளிவந்த 'லவகுசா' திரைப்படம் கண்டு தாய்மார் கண்ணீர் வடித்ததும் அதனாலேயே. அத்தொடர்ச்சி மக்கள் கேட்டுப் பெற்றது. புலவன் வலிந்து ஒட்டியதன்று.

தமிழின் தலைசிறந்த தொடர்ச்சி மணிமேகலையே. கண்ணகிக்குக் கோயில் எழுந்தது; மாதவிக்கும் அவள் மகளுக்கும் எஞ்சியது என்ன? சிலம்பு மணிமேகலையின் துறவைச் சுட்டிச் செல்கிறது. சாத்தனார் அங்கிருந்து தம் கதையை வளர்க்கிறார். பழைய சிலம்பை அவர் மீண்டும் உடைக்கவில்லை. பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைப் புதிதாக ஏந்தச் செய்தார். 'பொன்னியின் செல்வன்' தொடர் முடிந்தபோதும் வாசகர் கேள்விகள் ஓயவில்லை. கல்கியே முடிவுரை எழுதி விடையளிக்க நேர்ந்தது. உத்தம சோழன் முடிசூட்டுக்குப் பிந்திய காலத்தை விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் தொடர்ந்தார். அது வெளிவந்த இதழின் பெயரும் 'அமுதசுரபி' என்பது இனிய தற்செயல்.

இவ்வளவையும் கொண்டு அந்தச் சப்பானிய விளையாட்டுக்குத் திரும்பினால் தீர்ப்பு எளிதாகிறது. படிகங்கள் மீண்டும் களவு போகும் பகுதிகள் திம்மண்ணரின் உழைப்பைப் போன்றவை, மதிக்கலாம், மறந்துவிடலாம். ஆனால் முதற்கதையில் நண்பன் செசிலைக் காட்டிக்கொடுத்த கெய்ன் என்பவன், பிழை பொறாது மலையில் தனித்திருந்து, தன்னுள் உறைந்த இருளோடு பொருது மீளும் பகுதி அத்தகையதன்று. முதற்கதை அவனை மன்னித்தது. அவன் தன்னை மன்னிக்கவில்லை. அக்கடனை அத்தொடர்ச்சி தீர்க்கிறது. அதற்காக அது எழுதப்பட்டிருக்கலாம். அதற்காக மட்டுமே எழுதப்பட்டிருப்பின் இன்னும் நன்று.

சிப்காட் ஆலைகளில் முறைவேலை முடித்து, உறங்கும் பொழுதைக் குறைத்துக்கொண்டு கதைக்கு நேரம் ஒதுக்கும் இளைஞர் நம் ஊரில் மிகுதி. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: ஒரு தொடர்ச்சியில் பழைய முகங்கள் எத்தனை வருகின்றன என்று எண்ணற்க. முதற்கதை யாரைக் கைவிட்டுச் சென்றது, இக்கதை அவரைத் தேடிச் செல்கிறதா என்று நோக்குக. செல்கிறதெனில் உம் இரவுகளை அதற்குத் தருக. இல்லையெனில், பாஞ்சாலி கூந்தல் முடித்த அன்றே வீடு திரும்பிய நம் ஊரார் வழியே நல்வழி.