இரு பட்டணங்களும் ஒரு வாவிக்கரையும்

மட்டக்களப்பு வாவியின் படுவான்கரையிலே, கரடியனாற்று வயல்களை ஊடறுத்துச் செல்லும் பதுளை வீதி, மலைநாட்டைத் தாண்டிக் கொழும்பை நினைப்பூட்டுவது. ஆயினும், மட்டக்களப்புத் தேசத்துக் கல்விமான்களின் சித்தத்தை அக்காலத்தில் சமபலத்தோடு ஈர்த்த பட்டணம் கடலுக்கு அப்பால் இருந்த சென்னையே ஆகும்.

1892இல் காரைதீவிற் பிறந்த மயில்வாகனனார், வர்த்தகமும் ஆங்கிலமும் அரசோச்சிய கொழும்பிலே விஞ்ஞானம் பயின்று, உத்தியோகமும் பெற்று, அங்கேயே சுகஜீவனம் நடத்தியிருக்கக்கூடியவர். எனினும் 1922இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்து, இரண்டாண்டில் சந்நியாசம் ஏற்று, விபுலாநந்தர் ஆனார். இரசாயனம் கற்றவரை யாழின் சுருதிக்கணக்கிற்கு இட்டுச்சென்றதில் தமிழகத்துச் சூழலுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் அபிப்பிராயம். கொழும்பு அவருக்கு அளித்த கணிதப் பயிற்சியையும் மறத்தலாகாது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1943இல், பேராசிரியராக, மீண்டும் கொழும்பு. இவ்விரண்டுக்கும் முன்னரே, 1929இல், கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை அவர் ஸ்தாபித்தார். அவர் இயற்றிய ‘யாழ்நூல்’ அரங்கேறிய 1947ஆம் ஆண்டிலேயே, ஜூலை 19இல், கொழும்பிற் காலமான அவரது பூதவுடல், அவ்வித்தியாலய வளவிலே, வாவியருகே, சமாதி வைக்கப்பட்டது.