முத்துப்பார் முதல் உயிர்க்கோளக் காப்பகம் வரை: புன்னைக்காயல் கடற்கரையில் உள்ளூர் மக்களின் பங்கு

புன்னைக்காயல், தூத்துக்குடி மாவட்டத்தில் தாமிரபரணி ஆறு மன்னார் வளைகுடாவில் கலக்கும் இடத்தில் அமைந்துள்ள மீனவர் ஊராகும். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முத்துக்குளித்துறையில் போர்ச்சுகீசியரின் தலைமையிடமாக இருந்தது. அன்றீக்கே அன்றீக்கசு என்ற பாதிரியார் தங்கித் தமிழ்ப் பணி செய்த ஊரும் இதுவே.

கடல், கழிமுகம், ஆறு, கரையோர மக்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பாராமல் ஒன்றாகக் கருதித் திட்டமிடுவது ஒருங்கிணைந்த கடலோர மண்டல மேலாண்மை எனப்படும். 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டுக்குப் பின் இச்சொல் உலகெங்கும் பரவியது. சொல் புதியது, ஆனால் கடல் வளத்தை அரசும் ஊராரும் சேர்ந்து ஆளும் வழக்கம் இக்கரைக்குப் பழையது.

முத்துக்குளிப்பில் பங்கும் பொறுப்பும்

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூசு என்னும் கிரேக்க நூல், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்துக்குளித்ததாகக் கூறுகிறது. கொற்கை, புன்னைக்காயலுக்கு அருகில் உள்ள பாண்டியர் துறைமுகம். அக்காலத்தில் முத்தெடுத்தவருக்குப் பங்கு ஏதும் இருந்ததாக அந்நூல் குறிப்பிடவில்லை.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த மார்க்கோ போலோ வேறொரு காட்சியைத் தருகிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா மீன்களிடமிருந்து மந்திரத்தால் காப்பவருக்கு இருபதில் ஒரு பங்கு. இவ்வாறு மந்திரம் ஓதியவர் பிற்காலத்தில் 'கடல்கட்டி' எனப்பட்டார்.

போர்ச்சுகீசியர், 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பின்னர் வந்த ஆங்கிலேயர் ஆகிய மூவரும் பரதவரின் சாதித் தலைவரையும் பட்டங்கட்டிகளையும் விட்டுவிட்டு முத்துக்குளிப்பை நடத்த இயலவில்லை. எந்தப் பாரில் சிப்பி முதிர்ந்துள்ளது, எது இன்னும் பிஞ்சு என்பதை மூழ்கிப் பார்த்தே அறிய வேண்டும். அந்த அறிவு குளியாளிகளிடம் இருந்தது. பார்களைச் சோதித்த பிறகே முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்டது. சிப்பி முதிராத ஆண்டுகளில் பார் மூடியே கிடக்கும். சில சமயம் பல ஆண்டுகள் தொடர்ந்தும் மூடியிருந்தது உண்டு.

குளியாளி மூழ்கப் பயன்படுத்திய 'கல்' உரிமையின் அளவுகோலாகவும் இருந்தது. மதுரை நாயக்கருக்கும் சேதுபதிக்கும் இத்தனை கல் என்று வரியில்லா உரிமை உண்டு. சென்னை அரசின் காலத்தில், கரைக்கு வந்த சிப்பி மூன்று குவியலாகப் பிரிக்கப்பட்டது. ஒரு குவியல் குளியாளிகளுக்கு, இரண்டு அரசுக்கு. இதனைச் சமமான கூட்டு என்று கூற முடியாது. எனினும் பார் அழிந்தால் தம் பங்கும் அழியும் என்பதால், அதைக் காப்பதில் குளியாளிகளுக்கும் அக்கறை இருந்தது.

தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசித் தொடர் முத்துக்குளிப்பாகும். அதன் பின் பார்கள் மீளவில்லை.

தடையாக வந்த பாதுகாப்பு

இழுவலை விசைப்படகுகள் பெருகியபோது நாட்டுப்படகு மீனவருக்கும் விசைப்படகினருக்கும் மோதல் மூண்டது. இதன் விளைவாக 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரையான பகுதி நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கப்பட்டது.

1986-இல் தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடைப்பட்ட 21 தீவுகளை உள்ளடக்கிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. இதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. புன்னைக்காயல் பூங்காவுக்குத் தெற்கே இருந்தாலும் காப்பகத்தின் எல்லைக்குள் அடங்குகிறது.

சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் வெட்டப்பட்ட காலம் அது. எனவே பாதுகாப்பு தேவைப்பட்டது. ஆனால் தீவுகளைச் சுற்றித் தலைமுறையாகத் தொழில் செய்தவர்களுக்கு அது முதலில் தடையாகவே தெரிந்தது. ஒருகாலத்தில் பார் திறப்பதற்கு மீனவரின் சோதனை தேவைப்பட்டது. இப்போது எல்லை வரைவதற்கு அவர்களின் சொல் தேவைப்படவில்லை.

ஊராருடன் கூட்டு

இக்குறையைச் சரிசெய்ய 2000-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை நிறுவப்பட்டது. உலகச் சுற்றுச்சூழல் நிதியம், ஐ.நா. வளர்ச்சித் திட்டம் ஆகியவற்றின் உதவியுடன் கடலோர ஊர்களில் சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் அமைக்கப்பட்டன. சுயஉதவிக் குழுக்களுக்குக் கடனுதவியும் மாற்றுத் தொழில் பயிற்சியும் அளிக்கப்பட்டன.

பாம்பன் அருகே சின்னப்பாலம் பெண்களின் முயற்சி இங்குக் குறிப்பிடத்தக்கது. பாசி சேகரிக்கும் அப்பெண்கள், மாதத்திற்கு 12 நாட்கள் மட்டுமே கடலில் இறங்குவது எனத் தாங்களே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். அவர்களின் தலைவி லட்சுமிக்கு 2015-இல் பன்னாட்டு சீக்காலசி விருது கிடைத்தது. தாமே வகுத்த விதியை மக்கள் தாமே காப்பார்கள் என்பதற்கு இது சான்று. சிதம்பரம் அருகே பிச்சாவரத்தில் 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களுடன் இணைந்து வாய்க்கால் வெட்டி அலையாத்திக் காட்டை மீட்டது மற்றொரு சான்று.

கழிமுகத்தின் இன்றைய நிலை

புன்னைக்காயல் கழிமுகத்திலும் அலையாத்திக் காடு உள்ளது. உவர்நீரும் நன்னீரும் கலக்கும் இடத்திலேயே அது செழிக்கும். ஆனால் நன்னீரின் அளவை மீனவர் தீர்மானிப்பதில்லை. ஆற்றின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் வரை பாசனத்துக்கும் குடிநீருக்கும் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தது போக எஞ்சிய நீரே இங்கு வருகிறது. 2023 டிசம்பரில் நிலைமை நேர்மாறானது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பெய்து, தாமிரபரணி பெருகிப் புன்னைக்காயல் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டது. நீர் குறைந்தாலும் மிகுந்தாலும் அதன் விளைவு முகத்துவாரத்து ஊரையே முதலில் வந்தடைகிறது.

ஆகவே இங்குக் கூட்டு என்பது மீன்வளத்துறையும் வனத்துறையும் மீனவரும் மட்டும் சேர்வதன்று. நீர்வளத்துறை, மேலே உள்ள உழவர், தொழிற்சாலைகள், துறைமுகம் ஆகியோரும் ஒரே பலகையில் அமர வேண்டும். முத்துப்பார் காலம் விட்டுச்சென்ற பாடம் எளியது: கடலை அறிந்தவரின் சொல்லைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும், முடிவின் பயனில் அவருக்கும் பங்கு இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத குழு, பெயரளவிலேயே கூட்டாக இருக்கும்.