ஒரு தோட்டத்துல எத்தனை முனியாண்டி?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

ஒரு ரப்பர் தோட்டத்துல எத்தனை முனியாண்டி இருந்திருப்பாங்க? எங்க லகாட் சுத்துவட்டாரத்துல பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க. ஆம்பளைங்கன்னா முனியாண்டி, மாரிமுத்து, காளியப்பன், பெருமாள், ராமசாமி. பொம்பளைங்கன்னா மாரியாயி, முனியம்மா, லெட்சுமி, அங்கம்மா, பாப்பாத்தி. இந்தப் பத்து பேரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டாலே பாதி லயம் வெளியே வந்து எட்டிப் பார்க்கும். எங்க தாத்தாவும் அந்த முனியாண்டிகள்ல ஒருத்தர்தான்.

இந்தக் கதை இப்ப எதுக்குன்னா, நான் கோயில்ல அர்ச்சனைச் சீட்டு எழுதுற இடத்துல தொண்டு செய்யிறவன். பிள்ளைக்கு முப்பதாம் நாள்னு வர்ற இளம் பெத்தவங்க அடிக்கடி கேக்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "அண்ணே, இந்தப் பேரு நிறைய பிள்ளைங்களுக்கு இருக்கா?" ஆமான்னு சொன்னா முகம் வாடிப்போகுது. சிலர் அங்கேயே கைப்பேசியை எடுத்து வேற பேர் தேட ஆரம்பிச்சிடுறாங்க. ஒரு பேரு பரவலா இருந்தா அது குறையா? என்னைக் கேட்டா, இல்லை. அது ஏன்னு சொல்லணும்னா நம்ம பழைய கதைக்குள்ள கொஞ்சம் போகணும்.

அத்தனை முனியாண்டி எப்படி வந்தாங்க? ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்ன பிறகு மலாயாவுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் கங்காணி வழியாத்தான். தோட்டத்துரை கங்காணி கையில பணத்தையும் உரிமச் சீட்டையும் கொடுத்து இந்தியாவுக்கு அனுப்புவான். கங்காணி எங்க போவார்? தன் சொந்த ஊருக்குத்தான். தன் உறவுக்காரங்க, தன் சாதிக்காரங்க, பக்கத்துத் தெரு ஆளுங்க, இவங்களைத் திரட்டிக்கிட்டு நாகப்பட்டினத்துல இல்லாட்டி சென்னையில கப்பல் ஏறி பினாங்குல இறங்குவார். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு பக்கத்து ஆளுங்க இப்படிக் கூட்டங்கூட்டமா வந்தாங்க. 1938-ல் இந்திய அரசாங்கம் தடை போடுற வரைக்கும் இது நடந்துச்சு. ஆக ஒரு தோட்டத்துல ஒரே ஊர்க்காரங்க நிறைய பேர் இருப்பாங்க. ஒரே ஊருன்னா குலதெய்வமும் ஒண்ணு. குலதெய்வம் ஒண்ணுன்னா பிள்ளைங்க பேரும் ஒண்ணுதானே.

அதுக்கு மேல இன்னொரு வழக்கம், தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது. 'பேரன்'ங்கிற சொல்லே 'பெயரன்'ல இருந்து வந்தது. தாத்தாவோட பெயரைத் தாங்குறவன் பெயரன், பாட்டி பெயரைத் தாங்குறவ பெயர்த்தி, அதுதான் இன்னிக்குப் பேத்தி. உறவைச் சொல்ற சொல்லுக்குள்ளயே பேரை உக்கார வச்சிருக்காங்க. அண்ணன் தம்பி நாலு பேர் இருந்தா நாலு பேரும் மூத்த மகனுக்கு அப்பா பேரைத்தான் வைப்பாங்க. ஒரே குடும்பத்துல நாலு முனியாண்டி. இது கவனக்குறைவு இல்லை, வேணும்னே செஞ்சது.

இதுல ஒரு வேடிக்கை உண்டு. மருமக மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. ஆனா அவ பெத்த பிள்ளைக்கு அதே பேரு! பெத்த பிள்ளையை எப்படிக் கூப்பிடுவா? "தம்பி", "ராசா", "அப்பு", "பெரியவனே". நம்ம வீடுகள்ல ஆளுக்கு ரெண்டு பேர் இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, வேலைக்காட்டுல எப்படிச் சமாளிச்சாங்க? விடியுறதுக்கு முன்ன பெரட்டுக் களத்துல கிராணி செக்ரோலை விரிச்சு வச்சுப் பேர் கூப்பிடுவார். முனியாண்டின்னா மூணு குரல் வரும். அதனால அப்பன் பேரைச் சேர்த்துச் சொல்வார், இல்ல நம்பரைச் சொல்வார். லயத்துக்குள்ள நம்பர் வேலைக்கு ஆகாது. அங்க நெட்டை முனியாண்டி, ஸ்டோர் முனியாண்டி, மாட்டுக்கார முனியாண்டி. ஒருத்தர் வேலையும் உடம்பும் குணமும் பட்டப்பேருக்குள்ள வந்துடும். பல பேருக்கு ஐசியில இருக்கிற பேரே ஊருக்குத் தெரியாது. 1924-ல தொடங்கி 2019-ல நின்னுபோன தமிழ் நேசன் மாதிரி நம்ம பத்திரிகைகள்ல மரண அறிவிப்பு பார்த்திருப்பீங்க. பேருக்குப் பக்கத்துல 'என்கிற'ன்னு போட்டுப் பட்டப்பேரையும் போடுவாங்க. போடலைன்னா சாவுக்கு ஆள் வராது!

பரவலான பேரு நமக்கு மட்டும் உள்ள விஷயமும் இல்லை. பத்து காஜா பக்கத்துல கெல்லி கோட்டை இருக்கே, அதைக் கட்டின வெள்ளைக்காரர் பிறக்கும்போது வெறும் வில்லியம் ஸ்மித். அவங்க நாட்டுல ஸ்மித்துன்னா நம்ம முனியாண்டி மாதிரி, எங்க பார்த்தாலும் இருக்கும். அவர் தன் அம்மா வழிப் பேரான 'கெல்லி'யை நடுவுல சேர்த்துக்கிட்டார். இன்னிக்கு ஸ்மித் கோட்டைன்னு யாராவது சொல்றாங்களா? பக்கத்துல உள்ள மாரியம்மன் கோயில் மேல சாமி சிலைகளுக்கு நடுவுல அவருக்கும் ஒரு சிலை வச்சிருக்காங்க. போனா அண்ணாந்து பாருங்க.

இப்ப கொஞ்சம் கனமான விஷயத்துக்கு வர்றேன்.

ஜப்பான்காரன் காலத்துல, 1942-லிருந்து 1945 வரைக்கும், மலாயாத் தோட்டங்கள்ல இருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனாங்க. காலரா, மலேரியா, பட்டினி. பல்லாயிரம் பேர் திரும்பி வரலை. காஞ்சனபுரியில நேச நாட்டுப் போர்வீரர்களுக்கு ஒரு மயானம் இருக்கு. ஏறக்குறைய 7,000 கல்லறை, வரிசை வரிசையா, புல்லுகூட அளவா வெட்டியிருக்கும். பேர், வயசு, எந்தப் படைன்னு எழுதியிருக்கும். அதே பாதையில செத்த நம்ம ஆளுங்களுக்கு அந்த மாதிரி பேர் எழுதின கல்லு கிடையாது. காட்டுலயே புதைச்சாங்க, எரிச்சாங்க.

எங்க அப்பாவோட அண்ணன் ஒருத்தர் அப்படிப் போனவர். போனவர் போனவர்தான். ஒரு படம்கூட இல்லை. சண்டை முடிஞ்ச பிறகு குடும்பத்துல பிறந்த முதல் ஆம்பளைப் பிள்ளைக்கு அவர் பேரை வச்சாங்க. தோட்டத்துல அந்தப் பேரு ஏற்கெனவே நாலு பேருக்கு இருந்துச்சு. யாராவது "ரொம்பப் பொதுவான பேரா இருக்கே"ன்னு யோசிச்சிருப்பாங்களா? அவருக்குக் கிடைச்ச ஒரே கல்வெட்டு அந்தப் பிள்ளைதான்.

இதுலயும் நாம தனி ஆள் இல்லை. லகாட்ல இருந்து கொஞ்சம் தள்ளிப் போனா பாப்பான். அங்க ஜப்பான்காரனை எதிர்த்த போராளிகளுக்கு ரகசியமா மருத்துவம் பார்த்து, பிடிபட்டு, சித்திரவதை பட்டவர் சிபில் கார்த்திகேசு அம்மையார். ஈப்போவில அவர் பேருல சாலை இருக்கு. அவருக்கு 1919-ல பிறந்த முதல் பிள்ளைக்கு மைக்கேல்னு பேர் வச்சார். முதல் உலகப் போர்ல கலிப்போலியில செத்துப்போன அவரோட அண்ணன் பேரு அது. அந்தப் பிள்ளை ஒரு நாள்கூட முழுசா வாழலை. மைக்கேல்ங்கிறது கிறிஸ்தவங்க மத்தியில எவ்வளவு பரவலான பேரு! அந்த வீட்டுல அது ஒரே ஒரு ஆளோட பேரு.

அதுக்காகப் பழசு எல்லாமே நல்லதுன்னு நான் சொல்ல வரலை. 'போதும்பொண்ணு', 'வேண்டாம்'னு பெண் பிள்ளைங்களுக்குப் பேர் வச்சதும் நம்ம ஆளுங்கதான். பொண்ணா பிறந்துக்கிட்டே இருக்கு, இதோட நிக்கட்டும்னு வேண்டுதல். அந்தப் பேரு அபூர்வமான பேருதான், ஊர்ல ஒருத்திக்குத்தான் இருக்கும். அவ ஆயுசு பூரா யாராவது கூப்பிடும்போதெல்லாம் "நீ வேண்டாம்"னு கேட்டுக்கிட்டே இருக்கணும். இதுக்கு ஆயிரம் லெட்சுமி இருந்துட்டுப் போகட்டும். அதே மாதிரி சில ஊர்கள்ல ஒடுக்கப்பட்டவங்க 'முனுசாமி'ன்னு பிள்ளைக்குப் பேர் வச்சாலும் மிராசுதார் 'முனியா'ன்னுதான் கூப்பிடுவான். 'சாமி'ன்னு சொல்ல வாய் வராது. கப்பல் ஏறும்போது அந்தக் கூப்பிடுற பேரே காகிதத்துலயும் ஏறிடுச்சு.

இதையெல்லாம் மாத்தணும்னுதான் ஒரு அலை வந்தது. 1916-ல் சுவாமி வேதாசலம் தன் பேரை மறைமலை அடிகள்னு மாத்திக்கிட்டார். 1929 பிப்ரவரியில செங்கல்பட்டுல நடந்த சுயமரியாதை மாநாட்டுல சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னால போடக்கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. அதே வருஷக் கடைசியில பெரியார் மலாயாவுக்கு வந்தார், ஈப்போவிலயும் பேசினார். தமிழ்நாட்டுல நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். அந்தக் காத்து இங்கேயும் அடிச்சது. என் வயசுக்காரங்க தமிழ்ப்பள்ளி வகுப்பை நினைச்சுப் பாருங்க: தமிழ்ச்செல்வன், தமிழ்ச்செல்வி, இளங்கோ, மணிமாறன், கலைச்செல்வி, மலர்விழி. முனியாண்டிக்குப் பதிலா வந்தவங்க. ஆனா ஒரே வகுப்புல மூணு தமிழ்ச்செல்வி! புதுசா இருக்கணும்னு வச்ச பேரும் பத்து வருஷத்துல பொதுப்பேர் ஆயிடுச்சு. அது தோல்வியா? கிடையாது. ஒரு கொள்கை அத்தனை வீட்டுக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்.

சினிமாப் பேர்களைப் பத்தி நான் அதிகம் சொல்லலை, பத்மினி, சரோஜாதேவிகள் இந்தப் பதிவைப் படிப்பாங்க.

இப்ப நடக்கிறது வேற. யாருக்கும் இல்லாத பேரு வேணும்னு தேடுறாங்க. எல்லாரும் தேடுறது அதே நாலு வலைத்தளம். நட்சத்திர எழுத்து வேற பார்க்கணும். அசுவினின்னா சு, சே, சோ, லா. கார்த்திகைன்னா அ, இ, உ, எ. எண்கணிதக்காரர் ஒரு 'எச்'சைச் சேர்க்கச் சொல்வார். கடைசியில 'ஷ்', 'ஷினி', 'ஷன்'னு முடியிற ஒரு பேர் வரும். நான் சீட்டு எழுதுறவன், எனக்குத் தெரியும்: ஒரே வெள்ளிக்கிழமையில அஞ்சு தர்ஷினி. தனியா நிக்கணும்னு ஓடினவங்க எல்லாம் ஒரே இடத்துல வந்து நிக்கிறாங்க. அமெரிக்காவிலயும் இதே கதைதான். 1970-லிருந்து 1984 வரைக்கும் தொடர்ந்து அங்க பெண் பிள்ளைங்களுக்கு அதிகமா வச்ச பேரு ஜெனிஃபர்.

நான் பேக்டரியில வேலை பார்க்கிற லைன்ல மலாய்ப் பையன்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு முன்னால முகமட்டுதான். யாரும் குறைப்பட்டு நான் பார்த்ததில்லை. ரெண்டாவது பேரைச் சொல்லிக் கூப்பிடுறோம், வேலை நடக்குது. பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்துல அண்ணன் தம்பி எல்லாருக்கும் பேருல ஒரு எழுத்து பொதுவா இருக்கு. அதை வச்சுத்தான் எந்தத் தலைமுறைன்னு தெரிஞ்சுக்குவாங்களாம். ஒரே மாதிரி இருக்கிறதுதான் அவங்களுக்குப் பெருமை.

ஆளை அடையாளம் பிரிக்கிறதுக்கு ஐசியில 12 எண் இருக்கு, அப்பா பேர் பின்னாலயே வருது. பதிவிலாகாவுல குழப்பம் வரும்னு பயப்பட வேண்டியது இல்லை. பயப்பட வேண்டியது எழுத்துப்பிழைக்கு. அந்தக் காலத்துல குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினதாலதான் நம்ம லெட்சுமிக்கு நடுவுல டி, சி, எச் மூணும் வந்து உக்காந்திருக்கு. அண்ணன் தம்பி ரெண்டு பேர் பிறப்புப் பத்திரத்துல ஒரே அப்பா பேரு ரெண்டு விதமா இருந்து, நிலத்தைப் பேர் மாத்தும்போது சத்தியப் பிரமாணம் அது இதுன்னு அலைஞ்ச குடும்பங்கள் நமக்கெல்லாம் தெரியும். பேரைத் தேடுறதுக்கு மூணு மாசம் செலவு பண்றவங்க, பாரத்தை நிரப்பும்போது மூணு நிமிஷம் நிதானமா பார்க்கலாம். அப்படியே அந்தப் பேரைத் தமிழ்ல எப்படி எழுதுறதுன்னும் முடிவு பண்ணிட்டு வாங்க. சீட்டு எழுதும்போது கேட்டா அம்மா ஒண்ணு சொல்றாங்க, அப்பா ஒண்ணு சொல்றார், பாட்டி வாய்க்குள்ளயே முனகுறாங்க.

இன்னொரு விஷயம். நம்ம கோயில் திருப்பணிக்காகப் பழைய உபயப் பலகையைக் கீழ இறக்கியிருக்கோம். பெயிண்ட் உரிஞ்சுபோச்சு, புதுசா எழுதணும். அதுல மூணு பெருமாள் இருக்காங்க. ஆளுக்கு அஞ்சு வெள்ளி. ஒருத்தருக்குப் பக்கத்துல மட்டும் 'ஆட்டுக்காரர்'னு இருக்கு, மத்த ரெண்டு பேருக்கு ஒண்ணுமே இல்லை. உங்க தாத்தாவா இருக்கலாம்னு தோணினா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து பலகையைப் பாருங்க, இல்ல கீழ எழுதுங்க. அப்பா பேரையும் தோட்டத்துப் பேரையும் சேர்த்தே எழுதிடலாம். பெயிண்டருக்கு இன்னும் ரெண்டு வாரம் சொல்லியிருக்கேன்.