பிரமதேயத்துத் தமனகமும் இருவேலியும்

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்தை அடுத்துப் பிரம்மதேசம் என்றோர் ஊர் இருக்கிறது. பிரம்மபுரீசுவரர், பாடலீசுவரர் என இரண்டு சோழர் காலக் கோயில்கள் அங்கு உண்டு. இதே பெயரில் தமிழகத்தில் வேறு ஊர்களும் உள்ளன. எல்லாப் பெயர்களும் நினைவூட்டுவது ஒன்றையே: வேதம் வல்ல பிராமணர்க்கு இறை நீக்கிக் கொடுக்கப்பட்ட நிலம், அதாவது பிரமதேயம். பக்கத்து எண்ணாயிரம் அக்காலத்தில் இராசராசச் சதுர்வேதிமங்கலம். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கு 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் கொண்ட கல்லூரி நடந்ததை நமது வரலாற்று நூல்கள் தவறாமல் சொல்லும். கோயிலைப் பேசுகிறோம், கல்லூரியைப் பேசுகிறோம், சபையைப் பேசுகிறோம். இப்படிப்பட்ட ஊர்களின் தோட்டங்களில் என்ன விளைந்தது என்று மட்டும் கேட்பதில்லை.

விடை செப்பேடுகளில் இருக்கிறது. திருவாலங்காட்டுச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். இராசேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில், 1018 அளவில், முன்பு பிரமதேயமாக இருந்த பழையனூர் திருவாலங்காட்டு இறைவனுக்குத் தேவதானமாக மாற்றப்பட்ட செய்தியை 31 ஏடுகளில் சொல்வது அது. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததைச் சொன்னபின், ஊரைப் பெற்றவர் இனி என்னென்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கலாம்; கிணறு தோண்டலாம்; தென்னை வைக்கலாம்; பெருஞ்செக்கு நாட்டலாம். இவற்றோடு தமனகம், மருவு, இருவேலி, செண்பகம், செங்கழுநீர் ஆகியவற்றை நட்டுக்கொள்ளவும் உரிமை உண்டு.

மணமுள்ள செடியை நடுவதற்கு அரசனின் இசைவு எதற்கு? நெல் விளையும் நிலத்துக்கு ஓர் இறை, தோட்டத்துக்கு வேறு ஓர் இறை. பாசன நீர் எதற்குப் போகிறது என்பதில் அரசுக்கு அக்கறை உண்டு. தழையும் பூவும் வேரும் கோயிலிலும் அரண்மனையிலும் மருத்துவர் வீட்டிலும் விலைபோகும் பொருள்கள். ஆகவே அவற்றின்மேல் வரி விழுந்தது. பல்லவர் செப்பேடுகளில் ‘செங்கொடிக்காணம்’ என்றொரு வரி வருகிறது. செங்கொடி என்பது செங்கொடுவேரி என்னும் மருந்துச் செடி என்றும், அதனைப் பயிரிடுவோர் செலுத்திய கட்டணமே அக்காணம் என்றும் அறிஞர் கொள்வர். குவளை நடுவதற்கும் வரி இருந்தது. நட்டுக்கொள்ளலாம் என்று செப்பேடு சொல்வதன் பொருள் இப்போது விளங்கும். பிறர்க்குச் சுமையாக இருந்தது இவர்க்குச் சலுகையாயிற்று.

இந்தப் பட்டியல் செப்பேட்டுக்குச் செப்பேடு திரும்ப வரும் வெறும் வாய்பாடு என்று ஒதுக்குவாரும் உண்டு. வாய்பாடுதான். ஆனால் பயனற்ற ஒன்று வாய்பாட்டில் இடம்பெறாது. அச்செடிகள் போய்ச் சேர்ந்த இடங்களுள் ஒன்றைக் காட்டும் கல்வெட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது.

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், வீரராசேந்திரன் (1063–1070) காலத்து நெடுங்கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கு நடந்த ‘வீரசோழன்’ என்னும் ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன. ஓராண்டுத் தேவைக்குச் சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக உள்ளன. வாசா அரீதகி என்பது ஆடாதோடையும் கடுக்காயும் சேர்ந்தது. தசமூல அரீதகிக்குப் பத்து வகை வேர் வேண்டும். வில்வம், குமிழ், நெருஞ்சில், கண்டங்கத்திரி, பாதிரி ஆகியன அவற்றுள் அடங்கும். பாதிரிக்கு வடமொழியில் பாடலி என்று பெயர். பிரம்மதேசத்துப் பாடலீசுவரர் பெயரில் ஒலிப்பது அம்மரமே. ஆமணக்கெண்ணெயில் பூண்டு சேர்த்துக் காய்ச்சிய தைலமும் வரிசையில் இருக்கிறது. இலை, வேர், வித்து, எண்ணெய் எல்லாம் இச்சாலைக்கு ஆண்டுதோறும் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

யார் கொண்டுவந்தார்கள்? மருத்துவர் பெயரைக் கல்வெட்டு தெளிவாகச் சொல்கிறது: ஆலப்பாக்கத்துக் கோதண்டராமன் அசுவத்தாமபட்டன். மருந்துக்கு வேண்டிய மூலிகை பறித்துவரவும் விறகு இடவும் மருந்து அடவும் இருவர் நியமிக்கப்பட்டிருந்தனர். அவ்விருவர்க்குப் பெயரில்லை. எந்த இலையை எந்தப் பருவத்தில் கொய்ய வேண்டும், எந்த வேரை எத்தனை ஆழத்தில் அகழ வேண்டும் என்பதை அறிந்த கைகள் அவை. செப்பேடுகளிலும் இதே நிலைதான். கொடுத்தவர் பெயர் உண்டு, பெற்றவர் பெயர் உண்டு. நட்டவர் பெயர் இல்லை. உழைக்கும் ஒரு சமூகம் அச்சலுகைப் பட்டியல்களில் தலைகாட்டும் இடம் ஒன்று உண்டு: ஈழவர் தென்னையும் பனையும் ஏறக்கூடாது என்னும் தடை. தடுப்பதற்காகவே அவர்கள் பெயர் பொறிக்கப்பட்டது.

இந்தக் குறை மொழியையும் தாக்கியிருக்கிறது. தமனகம் தவனம் என்று வழங்குகிறது. காஞ்சிபுரத்தில் தவன உற்சவம் இன்றும் நடக்கிறது. மருவு மருக்கொழுந்தோடு கலந்துபோயிற்று. இருவேலி? செப்பேட்டுப் பாடம் நடத்துகையில் ‘ஏதோ ஒரு மணச்செடி’ என்று சொல்லிக் கடந்துபோன ஆசிரியர்களில் நானும் ஒருவன். வெட்டிவேர் என்று உரை சொல்வோர் உண்டு. ஆனால் மலையாளத்தில் இருவேலி என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. அது வெட்டிவேர்ப் புல் அன்று. கற்பூரவள்ளிக்கு உறவான, மணமுள்ள வேர்க்கொத்து விடும் சிறுசெடி. நம் நூல்கள் இருவேரி, குறுவேர் என்பன. ஆயுர்வேதம் ஹ்ரீபேரம் என்பது. 1941-இல் கே. சி. ஜேக்கப் இதனைத் தனி இனமாக விவரித்தார். கொள்ளிடக் கரையின் மணற்பாங்கான நிலங்களில் உழவர்கள் இதனைப் பயிரிட்டு வருகின்றனர்.

இச்செடியைப் பற்றித் தாவரவியலார் சொல்லும் ஒரு செய்தி என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தது. இது காட்டில் தானாக வளர்ந்து காணப்படுவதில்லை. பயிராக மட்டுமே இருக்கிறது. தண்டை வெட்டி நட்டுத்தான் இதனைப் பெருக்குகிறார்கள். அப்படியானால், இந்த ஆண்டு வயலில் நிற்கும் செடி சென்ற ஆண்டுச் செடியின் துண்டு. அது அதற்கும் முந்தைய ஆண்டுச் செடியின் துண்டு. நடுவில் எல்லோரும் ஒரு பருவம் கைவிட்டிருந்தால் செடி அன்றோடு தீர்ந்திருக்கும். செப்பேட்டு இருவேலி இதுவேயாயின், ஆயிரம் ஆண்டுகள் ஒரு பருவமும் விடாமல் யாரோ ஒருவர் இதனை நட்டுவந்திருக்கிறார்.

செப்பேடு மண்ணுக்கடியில் கிடந்தும் பிழைத்திருக்கும். செடிக்கு அந்த வசதி இல்லை. சொல்லைக் காத்தது செம்பு. பொருளைக் காத்தவர்கள் பெயரில்லாத உழவர்கள். பிரம்மதேசத்துக் கோயில்களைக் காணப் போகிறவர்கள் கல்வெட்டுகளைப் படித்தபின், சுற்றியுள்ள தோட்டங்களையும் சற்றுப் பார்க்க வேண்டும். அங்கே தழை பறிப்பவரிடம் செடியின் பெயரைக் கேட்க வேண்டும். அவர் பெயரையும் கேட்டுவைக்கலாம்.